அடித்தண்ணீர்

நாலு பாகம், அதாவது இருபத்துநாலு அடி ஆழத்திலிருந்து எடுக்க வேண்டிய தண்ணீரை எட்டு வாரமாக நான் படகின் ஓரத்திலேயே மொண்டு கொடுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் யாரும் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு படிக்க வேண்டாம்.

முப்பத்தோராம் வருஷம். ரப்பர் விலை படுத்துவிட்டது. மலாயாவில், ஜொகூர் முழுக்கத் தோட்டங்களில் ஆளைக் குறைத்து, குறைத்தவர்களைக் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் எனக்கு அளவெடுப்புப் படகில் வேலை கிடைத்தது. தமிழ் எழுதுவேன், ஆங்கிலத்தில் எண்களும் நாலு சொற்களும் எழுதுவேன், அந்த யோக்கியதை போதுமாக இருந்தது. கோத்தா திங்கிக்குக் கீழே ஆறு அகன்று கடலுக்குப் போகிறது. கடலின் உப்பு ஆற்றில் எதுவரை ஏறி வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கும் மேலே ஓரிடத்தில்தான் குடிதண்ணீருக்குக் குழாய் போடப்போகிறார்கள் என்று சொன்னார்கள்.

ஆற்றில் ஏழு இடத்தில் வெள்ளையடித்த கம்புகளை நட்டு, கடலுக்குப் பக்கத்தில் இருப்பதை ஒன்றாம் கம்பு என்று வைத்து மேலே போகப் போக எண் போட்டிருந்தோம். வாரத்தில் மூன்று நாள், ஏதாவது ஒரு கம்பில் சம்பான் படகைக் கட்டிக்கொண்டு காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை உட்கார்ந்திருக்க வேண்டும். மணிக்கு ஒரு தடவை மூன்று புட்டி தண்ணீர். மேல்தண்ணீர் ஒன்று, நடுத்தண்ணீர் ஒன்று, அடித்தண்ணீர் ஒன்று. கூடவே ஒரு தக்கை மிதவையை விட்டு, அது எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் போகிறது என்றும் எழுதுவோம்.

படகில் மூன்று பேர். பொறுப்பு சிவசம்பு ஐயாவுடையது. யாழ்ப்பாணத்துக்காரர், ஒல்லி, சோடாப்புட்டிக் கண்ணாடி. கொளுத்துகிற வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். முன்பக்கம் ஓலைக் கூரையின் கீழ் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். பீங்கான் கிண்ணத்தில் நான் கொடுத்த தண்ணீரை ஊற்றி, மஞ்சள் மருந்து கலந்து, அளவுக்குழாயிலிருந்து இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார். மஞ்சள் செங்கல் நிறத்துக்குத் திரும்பியதும் நிறுத்திவிட்டு எத்தனை அளவு போனது என்று எழுதுவார். உப்பு கூடினால் மருந்தும் கூடுதலாகச் செலவாகும். மனிதர் பூஜை செய்கிற மாதிரிதான் இதைச் செய்வார்.

படகு வலிப்பவன் ஐயாசாமி. என் தங்கை காளியம்மாவின் புருஷன். தோட்டத்தில் அவன் பெயர் குறைப்புப் பட்டியலில் இருக்கிறது என்று தெரிந்ததும் ஐயாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவனை இந்த வேலைக்குச் சேர்த்துவிட்டது நான்தான். நல்ல உழைப்பாளி. வாய்தான் கொஞ்சம் நீளம். என் தங்கைக்கு அதைவிட நீளம். அவர்கள் வீட்டுச் சண்டை லயத்து வரிசையில் பத்து வீட்டுக்குக் கேட்கும்.

புட்டி இறக்குவது என் வேலை. கனத்த புட்டி, அடியில் ஈயக்குண்டு. வாயை அடைத்த தக்கைக்குத் தனிக் கயிறு. குண்டு தரையைத் தொட்டதும் தக்கைக் கயிற்றைச் சுண்டினால் தக்கை கழன்று அங்கேயுள்ள தண்ணீர் நிரம்பும். முதல் இரண்டு வாரம் ஒழுங்காகத்தான் செய்தேன்.

மூன்றாம் வாரம் மழை பிடித்துக்கொண்டது. மேலாற்றிலிருந்து காவி நிறத்தில் வெள்ளம் இறங்கியது. கடல் ஏறுகிற நேரத்திலும் ஆறு கொஞ்சம் தயங்கி நிற்குமே தவிர, திரும்பி மேலே ஏறாது. எங்கள் மிதவை அதற்குப் பிறகு ஒரு நாளும் மேலாற்றுப் பக்கம் போனதில்லை.

அப்படி ஒரு நாள் மூன்றாம் கம்பில் இருந்தோம். மத்தியானம் இரண்டு மணி. மழை விட்டிருந்தது, காற்றில்லை, கரையில் நீப்பாப் பனை மட்டை ஒன்றுகூட ஆடவில்லை. நுரையும் சருகும் படகைத் தாண்டிக் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. புட்டியை இறக்கினேன். ஒரு பாகம்வரை கயிறு தண்ணீர் போகிற பக்கமே சாய்ந்தது. அது நியாயம். ஒன்றரைப் பாகத்தில் கயிறு தளர்ந்தது. பிறகு மெதுவாக, யாரோ கீழே கையில் பிடித்துக்கொண்டு நடப்பது போல, மேலாற்றுப் பக்கம் இழுபட்டது. சருகு கடலுக்குப் போகிறது, என் கயிறு படகுக்கு அடியில் புகுந்து மேலாற்றுக்குப் போகிறது. விட்டுவிட்டுச் சுண்டுகிற இழுப்பு இல்லை, மீனில்லை. நிதானமான இழுப்பு.

தக்கையைச் சுண்டாமலே மடமடவென்று கயிற்றை மேலே இழுத்தேன்.

"என்ன மச்சான்?" என்றான் ஐயாசாமி. அவன் மிதவையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒன்னுமில்ல."

சொன்னால் சிரிப்பான் என்று சொல்லவில்லை. ஐயாவிடம் சொன்னால், பேய்க்குப் பயந்தவன் எனக்கு எதற்கு என்று தோட்டத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று சொல்லவில்லை. ஐயாவின் முதுகு அப்படியே இருந்தது. படகோரத்தில் ஒரு முழம் ஆழத்தில் மூன்று புட்டியையும் நிரப்பி, மேல், நடு, அடி என்று சீட்டு ஒட்டிக் கொடுத்தேன். அவரும் சொட்டு விட்டு எழுதிக்கொண்டார். அன்றைக்குப் பயத்தில் செய்ததை அடுத்த வாரம் வசதிக்காகச் செய்தேன். அதற்கடுத்த வாரம் அதுதான் வேலை செய்கிற முறை என்றே ஆகிவிட்டது. ஐயா மட்டும் ஒரு நாள், "மேலும் அடியும் ஒரே தண்ணியாக் கிடக்கு. வடிவான ஆறு" என்று மெச்சினார்.

மார்கழிக்கு முந்தைய வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று அளவு கிடையாது. ஐயாசாமி சிறு சம்பானில் காளியம்மாவை ஏற்றிக்கொண்டு கீழாற்றில் இருந்த சீனன் கடைக்குச் சாமான் வாங்கப் போனான். மாலை ஐந்து மணிக்குத் தனியாகத் திரும்பி வந்தான். மத்தியானம் இரண்டு மணிவாக்கில் மூன்றாம் கம்புக்குப் பக்கத்தில் வாய்ச்சண்டை வந்ததாம். அவள் கோபத்தில் எழுந்து நின்றாளாம். படகு ஆடியதாம். விழுந்தவள் எழவே இல்லையாம்.

"கடல் வாய் வரைக்கும் வலிச்சுப் பாத்துட்டேன் மச்சான். கத்திக் கத்திப் பாத்துட்டேன். காணோம்."

அவன் உடம்பு நனைந்திருக்கவில்லை. அதை நான் அப்போதே கவனித்தேன். ஆற்றில் விழுந்த பெண்டாட்டிக்காகக் குதிக்காத புருஷனை அன்று மாலையே வெறுக்கத் தொடங்கினேன்.

மூன்று நாள் தேடினோம். எல்லோரும் கீழேதான் தேடினோம், கடல்வரை. நாலாம் நாள் காலை, கரி சுடுவதற்குச் சேற்றில் வளரும் பாக்காவ் மரம் வெட்டுகிற இரண்டு சீனர்கள் ஓடி வந்தார்கள். காளியம்மா ஐந்தாம் கம்பு வளைவில் இருந்தாள். மூன்றாம் கம்பிலிருந்து இரண்டு மைல் மேலே. தண்ணீர் வற்றியிருந்தது. பாக்காவ் வேர்களுக்கு நடுவே இடுப்புவரை சேற்றில், உட்கார வைத்தது போல இருந்தாள். முகம் மேலாற்றைப் பார்த்து, அதாவது வீட்டுப் பக்கம் பார்த்து இருந்தது. நாலு நாள் தண்ணீரில் கிடந்த உடம்பை நான் விவரிக்கப்போவதில்லை. அவள் என் ஒரே தங்கை. அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டவள்.

பிணம் ஆற்றை எதிர்த்து நீந்துமா? லயத்தில் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். பாதிப் பேர் அவள் தானாகவே வீடு பார்த்து நடந்து வந்திருக்கிறாள் என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். மீதிப் பேர், இவன் அவளை மேலேயே எங்கோ கொன்று வேர்களுக்குள் செருகிவிட்டு மூன்றாம் கம்பில் விழுந்தாள் என்று பொய் சொல்கிறான் என்றார்கள். நான் இரண்டாவது கட்சி. பக்கத்து வீட்டுக் கருப்பாயி போலீசாரிடம், "ஆத்துல தள்ளிட்டு வந்துடுவேன்டின்னு அந்தாளு கத்துனத என் ரெண்டு காதால கேட்டேங்க" என்று சொன்னாள். ஐயாசாமியைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் கம்பில் அந்த நேரத்தில் ஆறு எந்தப் பக்கம் ஓடும் என்று சிவசம்பு ஐயாவைக் கேட்டார்கள். அவர் நோட்டைத் திறந்து உள்ளதைச் சொன்னார். மழை பிடித்த பிறகு மிதவை எட்டு வாரமும் கடலுக்கே போயிருக்கிறது. மேலும் நடுவும் அடியும் ஒரே தண்ணீர். ஆகவே ஆறு முழுவதும் ஒரே போக்கு. அங்கே விழுந்தது எதுவும் மேலே வந்திருக்க முடியாது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவன் கழுத்தில் கயிறு விழ வேண்டும் என்று விரும்பினேன். அந்த நோட்டில் இருந்த அடித்தண்ணீர் எல்லாம் நான் படகோரத்தில் மொண்டது என்பது எனக்கு நினைவில்லாமல் இல்லை. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். மேல் என்றால் என்ன, அடி என்றால் என்ன, ஆறு ஆறுதானே?

ஒரு வாரம் கழித்து ஐயா என்னைக் கூப்பிட்டார். கோர்ட்டில் சாட்சி சொல்லவேண்டி வரும், அதற்கு முன்னால் மூன்றாம் கம்பில் இன்னொரு முறை சுத்தமாக அளக்க வேண்டும் என்றார். ஐயாசாமிக்குப் பதிலாக வாக் சாலே என்ற மலாய்க்காரக் கிழவர் படகு வலித்தார். அன்றைக்கு ஐயா கூரைக்குக் கீழே போகவில்லை. தான் உட்காரும் பெட்டியைத் திருப்பிப் போட்டு, என் எதிரில், என் கையைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

காளியம்மா விழுந்த நேரம் வரும்வரை காலையிலிருந்து மேல்தண்ணீரும் மிதவையும்தான் பார்த்தோம். மணி இரண்டானது. அதே வெளிச்சம், அதே காற்றில்லாத மத்தியானம். கரையில் குருவிச் சத்தம்கூட நின்றுவிட்டது.

"அடி விடும்" என்றார்.

விட்டேன். வேறு வழியில்லை. ஒரு பாகத்தில் கயிறு கடல் பக்கம் சாய்ந்தது. ஒன்றரையில் தளர்ந்தது. பிறகு அந்த நிதானமான இழுப்பு. கயிறு வளைந்து படகுக்கு அடியில் புகுந்து மேலாற்றைக் காட்டியது. வாக் சாலே பார்த்துவிட்டு வாயில் ஏதோ ஓதத் தொடங்கினார். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"சுண்டும். தக்கையைச் சுண்டும்."

சுண்டினேன். புட்டி மேலே வந்தது. தொட்டபோது மேல்தண்ணீரின் சூடில்லை, வேறொரு சூடு. காவி நிறமும் இல்லை. கண்ணாடி மாதிரித் தெளிந்து பச்சையாக இருந்தது. ஐயா கிண்ணத்தில் ஊற்றிச் சொட்டு விடத் தொடங்கினார். மஞ்சள் மாறவில்லை. விட்டார், விட்டார், அளவுக்குழாய் காலியாகியும் மாறவில்லை. இரண்டாவது முறை குழாயை நிரப்பினார். பிறகு நிறுத்திவிட்டுப் புட்டித் தண்ணீரில் ஒரு விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார்.

"கடல்" என்றார்.

நோட்டைப் புரட்டினார். எட்டு வாரத்துப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். அந்தக் காகிதச் சத்தத்தைத் தவிர ஆற்றில் வேறு சத்தம் இல்லை.

"இவ்வளவு நாளும் எங்கையிருந்து தண்ணி எடுத்தனீர்?"

"அடியிலருந்துதாங்க ஐயா."

அவர் என்னை அதட்டவில்லை. அதட்டியிருந்தால் தேவலை. சின்னக் குரலில் சொன்னார்:

"கடல்தண்ணி பாரம், காணும். நல்லதண்ணி மேலாலை கடலுக்குப் போக, அது அடியாலை மேல ஏறுது போலை கிடக்கு. ஒரே ஆத்திலை ரெண்டு ஆறு. ஆனா நான் நாளைக்கு இதைச் சொன்னா, எட்டுக் கிழமையும் இல்லாதது இண்டைக்கு மட்டும் எப்பிடி வந்ததெண்டு கேப்பினம். செவ்வாய்க்கிழமை இருந்ததோ இல்லையோ எண்டு கேப்பினம். விளங்குதோ?"

விளங்கியது. புட்டியை ஆற்றில் அலசிக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் ஐயா ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஓட்டை போட்டு, கல் வைத்து, மூன்று பாகம் கயிற்றில் ஒரு தக்கைக் கட்டையிலிருந்து தொங்கவிட்டார். கட்டையின் மேல் ஒரு குச்சி, குச்சியில் சிவப்புத் துணி. தகரம் கீழே எந்தத் தண்ணீரில் இருக்கிறதோ அந்தத் தண்ணீர் போகிற பக்கம் கட்டையை இழுத்துக்கொண்டு போகும், துணி நமக்குக் காட்டும். அவ்வளவுதான் அந்தச் சாமான். மூன்றாம் கம்பில், இரண்டரை மணிக்கு, நான்தான் அதைத் தண்ணீரில் விட்டேன்.

முதலில் துணி ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு கிளம்பியது.

ஆறு முழுவதும் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நுரை போகிறது, சருகு போகிறது, ஒரு தேங்காய் உருண்டுகொண்டே போகிறது. அவற்றுக்கு நடுவே அந்தச் சிவப்புத் துணி மட்டும் எதிர்த்து, தனியாக, மேலே போனது. காற்றில்லை, படகில்லை, இழுக்கிற கை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு மனுஷி களைக்காமல் நடக்கிற வேகம். காளியம்மா அந்த மாதிரிதான் நடப்பாள், தலையில் ரப்பர்ப் பால்வாளி இருந்தாலும் ஒரே சீராக. தண்ணீருக்குக் கீழே அவள் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள் என்றே எனக்குத் தோன்றியது. ஐயா விளக்கிச் சொன்னதெல்லாம் மண்டையில் இருந்தது. உடம்பு அதைக் கேட்கவில்லை, முதுகெல்லாம் சில்லிட்டது.

வாக் சாலே துடுப்பைப் படகுக்குள் போட்டுவிட்டார். "தா மாவு" என்றார். மாட்டேன் என்று தலையையும் ஆட்டினார். "தா மாவு." அதன் பின்னால் போக மாட்டாராம்.

துடுப்பை நான் எடுத்தேன். ஒன்றேகால் மணி நேரம் அதன் பின்னால் வலித்தேன். நாலாம் கம்பைத் தாண்டியது. ஒரு தடவை நின்றது. நாங்கள் நெருங்கியதும், காத்திருந்தது போல, மறுபடி கிளம்பியது. ஐந்தாம் கம்பு வளைவில் ஆழம் குறைந்து தகரம் தரை தட்டியது. துணி கரைப்பக்கம் திரும்பி, பாக்காவ் வேர்களுக்குள் போய்ச் சிக்கி, அங்கேயே ஆடிக்கொண்டு நின்றது. நான் என் தங்கையைத் தூக்கிய இடத்திலிருந்து அது பத்து முழம்கூட இல்லை.

அங்கேயே படகில் உட்கார்ந்து அழுதேன். அவளை நினைத்து அழுதேனா, அவன் கொல்லவில்லையே என்று அழுதேனா, எனக்கே தெரியவில்லை. இரண்டும் இருந்தது.

"ஐயா, எட்டு வாரமும் ஓரத்துலதாங்க எடுத்தேன். பயந்துட்டேன். கயிறு இப்படித்தாங்க இழுத்துச்சு அன்னிக்கும்."

"எனக்குத் தெரியும்" என்றார் ஐயா. "ஆனா நான் சொல்லி உதவாது. நீர் சொல்ல வேணும். சொல்லாட்டி அந்த மனிசனைத் தூக்கிலை போடுவினம். சொன்னா உம்மை வேலையிலை வைக்க மாட்டினம். என்ரை பேரும் கெடும். உம்மடை முடிவு."

மூன்று நாள் யோசித்தேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று இன்றைக்கு யாரும் கேட்கலாம். அன்றைக்கு இருந்தது. வேலை போனால் அடுத்த கப்பலில் என்னை ஏற்றிவிடுவார்கள், எனக்கு அந்தக் கரையில் ஒரு நாய்கூடத் தெரியாது. அதோடு அவனை நினைக்கும்போதெல்லாம் எரிகிற வயிறு அணையவில்லை. கொல்லவில்லை, சரி. ஏன் குதிக்கவில்லை? உடம்பு ஏன் காய்ந்திருந்தது? இதற்கு அவன் பதில் சொல்லட்டும், தூக்குக்கயிற்றின் முன்னால் நின்று சொல்லட்டும் என்று இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மூன்றாம் நாள் கண்ணை மூடினால் சிவப்புத் துணி போனது. கண்ணைத் திறந்தாலும் போனது. சட்டையை மாட்டிக்கொண்டு ஐயாவின் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

ஜொகூர் பாருவிலிருந்து பெரிய துரை வந்தார், போலீஸ் துரையும் வந்தார். அவர்கள் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். மறுபடியும் தகரத்தை விட்டுக் காட்டினோம். மறுபடியும் அது ஆற்றை எதிர்த்துப் போனது. போலீஸ் துரை சுருட்டை அணைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். எதற்காக என்று அவருக்கே தெரிந்திருக்காது. அன்று மாலையே என் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். சிவசம்பு ஐயாவை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அவர் கிளம்பும்போது என்னிடம் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. லாக்கப்புக்குப் போய் ஐயாசாமிக்கு நடந்ததை விளக்கிவிட்டுப் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஐயாசாமியை விடுகிற அன்று நான்தான் அழைத்து வரப் போனேன். வேறு யார் போவார்கள்? தாடி வளர்ந்திருந்தது. பாதி உடம்பாகியிருந்தான். ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண் பாதையில், நல்ல மத்தியான வெயிலில் நடந்தோம். ஆற்றங்கரைப் பக்கம் பாதை திரும்புகிற இடத்தில் அவன் நின்றுவிட்டான்.

"மச்சான், சிவசம்பு ஐயா சொன்னாரு. அடித்தண்ணி மேலாத்துக்குப் போவுமாம். நெசமா?"

"நெசந்தான். கண்ணால பாத்தேன்."

"விழுந்தது கீழ போவாம, மேல போயி எந்திரிக்குமா?"

"எந்திரிக்கும்."

அவன் உதடு ஒட்டிக்கொண்டது. நாக்கால் நனைத்துக்கொண்டான்.

"நான் போலீஸ்ல ஒன்னு சொல்லல."

என் கை தானாக இறுகியது. தள்ளினேன் என்று சொல்லப்போகிறான், எனக்குத் தெரியும், எனக்கு முதல் நாளே தெரியும் என்று நினைத்தேன்.

"சொல்லு."

"அவ விழுந்ததும் கீழ பாத்துத்தான் மச்சான் வலிச்சேன். எது விழுந்தாலும் அங்கதானே போவும்? அங்கதான் எந்திரிப்பா, புடிச்சுக்கலாம்னு துடுப்ப நீட்டிக்கிட்டே போறேன். அப்ப பின்னாலருந்து கூப்பிட்டுச்சு. மேலாத்துப் பக்கமிருந்து. அவ கொரலுதான்."

"நீ திரும்பிப் பாக்கலியா?"

"'ஐயாசாமி'ன்னு கூப்பிட்டுச்சு மச்சான்."

நான் அவன் முகத்தையே பார்த்தேன்.

"ஒம்போது வருசம். ஒரு நாளு அவ என் பேரச் சொன்னதில்ல. வெளக்குமாத்தத் தூக்கிக்கிட்டு நிக்கும்போதுகூட 'யோவ்'னுதான் சொல்லுவா. ஆஸ்பத்திரில புருசன் பேரு என்னன்னு கேட்டதுக்கு, சொல்ல மாட்டேன்னு நின்னு, கருப்பாயியக் கூட்டியாந்து சொல்ல வெச்சா. உனக்குத் தெரியுமே. அப்பேர்ப்பட்டவ கொரல எடுத்துக்கிட்டு, தண்ணி போற பக்கத்துக்கு எதுக்க நின்னுக்கிட்டு, பேரச் சொல்லிக் கூப்பிடுது. மனுசி கூப்பிடுற மாதிரியா இருக்கு? ஆத்துல இருக்கறது அவளத் தின்னுட்டு என்னையும் கேக்குதுன்னு நெனச்சேன். திரும்பல. கண்ண மூடிக்கிட்டுக் கீழ பாத்து வலிச்சேன். மூனு தரம் கூப்பிட்டுச்சு. நாலாந்தரம் கூப்பிடல."

வெயிலில் நின்றுகொண்டே எனக்குக் குளிர்ந்தது.

மூன்றாம் கம்பில், மத்தியானம் இரண்டு மணிக்கு, கயிறு மேலே வளைந்ததை அன்றைக்கே அவனுக்குக் காட்டியிருந்தால் அவன் திரும்பியிருப்பான். மாப்ளே இங்க பாரு என்று மூன்று சொல். அதைக் காட்டாமல் 'ஒன்னுமில்ல' என்று சொன்னவன் நான். அவள் சாகப்போகிற நேரத்தில், ஒன்பது வருஷ வழக்கத்தை விட்டு, அவனுக்குச் சரியாகக் கேட்க வேண்டுமே என்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். அது காளியம்மாதான் என்பதில் எனக்குத் துளி சந்தேகமில்லை.

ஐயாசாமி என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"அது அவளா மச்சான்? நீதான் ஆத்த அளந்தவன். நீ சொல்லு. அது அவதானா?"

அவன் சாக வேண்டும் என்று அத்தனை நாள் விரும்பியவன் நான். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், இப்படியே ஆற்றைப் பார்த்து நடந்துவிடுவான். அவன் கையைச் சட்டையிலிருந்து எடுத்து என் கையில் பிடித்துக்கொண்டேன்.

"அவ இல்ல மாப்ளே" என்றேன். "காளியம்மா உன் பேரச் சொல்லவே மாட்டா."